ஆசான் மகள் எங்கள் வீட்டுக்கு வந்த நாள்

தன் அப்பாவின் படத்தைத் திரையிலிருந்து எடுத்துவிடும்படி ஆசான் மகள் எனக்குக் கை காட்டினார். வாசகசாலை மாடியில், மைக்செட்டுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன். படம் காட்டும் லேப்டாப்பும் அன்றைக்கு என் பொறுப்பில் இருந்தது. திரையில் ஆசான் சட்டையில்லாமல், தோளில் துண்டோடு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கூட்டம் முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கூட்டத்தை நடத்துகிற சாரைப் பார்த்தேன். சார் அசையவில்லை. ஆசான் மகள் மறுபடியும் கை காட்டினார். சோறு போதும் என்று இலைக்கு மேலே கையை நீட்டுவார்களே, அந்த அளவுக்குத்தான். நான் படத்தை எடுத்தேன். திரை வெறும் வெள்ளையாக ஆனது. அதற்கு முன்னால் நின்றுகொண்டு அவர் என் அண்ணனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

ஊரில் அவரை டாக்டரம்மா என்று சொல்வார்கள். மருத்துவம் படித்தவர்தான். ஆனால் பல காலமாக வெளிநாட்டில், தலையில் அடிபட்டவர்களின் மூளைக்கு என்ன நேருகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார். அவரைப் பற்றிப் பத்திரிகையில் வந்தபோது சாயாக்கடையில் வெட்டி ஒட்டினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அவர் டாக்டரம்மா ஆகவில்லை. அம்மாவுக்கு அவர் ஆசான் மகள். எனக்கும் அப்படித்தான். அவருடைய அப்பா வர்மம் பார்க்கிற ஆசான். எங்கள் ஊர் புதுக்கடைக்குப் போகிற பாதையில், ரப்பரும் தென்னையும் மாறி மாறி வருகிற மேட்டில் இருக்கிறது. எலும்பு முறிந்தவர்களையும் இடுப்புப் பிடித்தவர்களையும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்துகூட ஆசானிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். தைல வாசம் அடிக்கிற அந்த முற்றத்தில் எப்போதும் நாலு பேர் காத்துக் கிடப்பார்கள். வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் நடந்து திரும்பிப் போனார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல முடியாது.

என் அண்ணன் மரம் முறிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பெரிய மரத்தை வெட்டிச் சாய்க்கும் முன்னால் கிளைகளை, எங்கள் பேச்சில் கொம்புகளை, ஒவ்வொன்றாக இறக்குவார்கள். அரிவாளோடு மேலே ஏறிக் கொம்பு இறக்குவது அவன் வேலை. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அவன் ஏறிய மரங்களால்தான். அன்றைக்கு ஒரு பழைய அயினி மரம். வெட்டுப்பட்ட கொம்பு அவன் நினைத்த பக்கம் சாயாமல் திரும்பி வந்து அவனைத் தட்டிவிட்டது. விழுந்த இடத்தில் தலையின் இடது பக்கம் வேரில் அடித்தது. மூச்சு இருந்தது, நினைவு இல்லை. கூட வேலை செய்தவர்கள் ஒரு பெஞ்சில் கிடத்தி ஆசான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி என்று ஒருவரும் சொல்லவில்லை. மரத்திலிருந்து விழுந்தவனை எங்கள் பக்கத்தில் முதலில் ஆசானிடம்தான் கொண்டு போவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசியைப் போட்டு வர்மத்தைக் கெடுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு ஆசானாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு பேச்சு அப்போது பலமாக இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து சொல்லி, நான் அந்த முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆசான் ஆளுக்கொரு துண்டு சுக்கைக் கொடுத்து மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். மென்றவர்கள் குனிந்து அண்ணனின் காதுகளில் மாறி மாறி ஊதினார்கள். பிறகு ஆசான் அவனைத் தூக்கி உட்கார வைத்து, உச்சந்தலையில் ஒரு கையை வைத்து அதன்மேல் மறு கையால் தட்டினார். முதுகில் எங்கோ ஓரிடத்தில் பெருவிரலால் அழுத்தினார். இளக்குவது என்று இதைச் சொல்வார்கள். அடங்கிக் கிடக்கிற உயிரை இளக்கிவிடுகிற வேலை. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கண்ணைத் திறந்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். “எனக்க அரிவாள் எங்க?” என்று கேட்டான்.

முற்றமே சிரித்தது. அவனோடு மரத்துக்குப் போகிற ஒருவர், “சவத்துப் பயலுக்கு இப்பமும் அரிவாள்தான் வேணுமாம்” என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மா ஆசானின் காலில் விழுந்தாள். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஆசான் மகள்தான் அவளைத் தூக்கிவிட்டார். அண்ணன் எழுந்து நடந்தே வீட்டுக்கு வந்தான். பின்னால் ஒரு கூட்டம் திருவிழாவுக்குப் போவதுபோல வந்தது. ஆசான் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: பொடிக்கஞ்சியும் சுட்ட பப்படமும் மட்டும் கொடுக்க வேண்டும், மீன் கூடாது, புளி கூடாது, நன்றாகத் தூங்கட்டும்.

அன்றைக்குக் காலையில் அம்மா தேங்காய் அரைத்துச் சாளை மீன் கறி வைத்திருந்தாள். வீடெல்லாம் அந்த மணம் நின்றது. கஞ்சியைப் பார்த்ததும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “எம்மா, ஒரு துண்டு மீனு தா. ஆசானுட்ட ஆரு போய்ச் சொல்லப் போறா?” என்று கெஞ்சினான். செத்துப் பிழைத்து வந்த பிள்ளை கேட்கிறான். அம்மா கொடுத்தாள். அவன் மறுசோறும் வாங்கித் தின்றான். பிறகு தலை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்தான். பெரிதாகக் குறட்டை விட்டுத் தூங்கினான். நல்ல அசதி என்று நினைத்து, சத்தம் போடாதே என்று அம்மா என்னை வெளியே விரட்டினாள். விளக்குப் பொருத்துகிற நேரத்தில் எழுப்பியபோது அவன் எழும்பவில்லை. ஒரு காரைப் பிடித்துக் கிளம்பினோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து கை கால் கழுவ வந்தவர்கள் எங்கள் கிணற்றடியில் நின்று பேசியது என் காதில் விழுந்தது. ஆசான் உயிரைக் கொடுத்தார், அம்மைக்காரி மீன்கறி கொடுத்து அதைப் போக்கினாள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொல்ல, ஒரு வாரத்துக்குள் ஊருக்கே அது உறுதியாகிவிட்டது. மறுசோறு கொடுத்ததுவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அம்மாவே அழுதபடி சொன்னாளோ என்னவோ. ஆசானிடம் கேட்டவர்களுக்கு அவர் பத்தியம் முக்கியம் என்று மட்டும் சொன்னாராம். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நாளாக நாளாக அது எங்கள் ஊரில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. கொத்தனார் கையாளிடம் சொல்வார், “ஏலே, ஒக்கக் கட்டி முடிச்சாச்சு. கடைசில மீன்கறி குடுத்திராத மக்கா.” கல்யாண வீட்டில் சமையல்காரர் சொல்வார். கபடி விளையாடுகிற பையன்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் என்னைக் கண்டால் பாதியில் நிறுத்துவார்கள். அது இன்னும் மோசம்.

அதன் பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மைக்செட் வாடகைக்கு விடுகிற கடையில் சேர்ந்தேன். எனக்கு அது பொருத்தமான வேலை. எல்லோரும் பேசுவார்கள், நான் பேச வேண்டாம். வயரை இழுத்து, பாக்ஸைக் கட்டி, ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டால் யாரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கடை இன்று என்னுடையது. இப்போதும் நாலு பேர் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மா அன்றோடு மீனை விட்டாள். தின்பதை மட்டுமல்ல, தொடுவதையும். எங்கள் வீட்டுக்கு முன்னால் வரும்போது மீன்காரர் சைக்கிள் ஹாரனை அமுக்க மாட்டார். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த என் மனைவி, ஆசைப்பட்டால் வீட்டுக்குப் பின்னால் தனி அடுப்பில் சமைத்து, சட்டியை அங்கேயே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவாள். இத்தனை வருடங்களில் எனக்கு இருந்த ஒரே ஆசை, யாராவது படித்தவர்கள், சொன்னால் ஊர் நம்புகிறவர்கள், அந்த மீன் என் அண்ணனைக் கொல்லவில்லை என்று அம்மாவின் காது கேட்கச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான். அது உண்மையா என்பதுகூட எனக்குத் தெரியாது. அம்மா கண் மூடும் முன்னால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் வரலாற்று மன்றத்தை நடத்துகிறவர் ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசகசாலை மாடியில் பேச்சு இருக்கும். பழைய குளங்கள், வட்டக்கோட்டைக் கல், சந்தை வந்த கதை என்று யாராவது பேசுவார்கள். பத்துப் பேர் வந்தால் அதிகம். டாக்டரம்மா வருகிறார் என்றதும் மாடிப்படிவரை ஆள் நின்றார்கள். ஊர் ஆசான்மார்களைப் பற்றியும், அவர் தலைக்காய ஆராய்ச்சிக்குப் போன வழியைப் பற்றியும் பேசுவதாக நோட்டீஸ் அடித்திருந்தார்கள். சார் கையில் மைக் போனால் திரும்ப வாங்குவது கஷ்டம். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பேன், அவர் தன் குரலை ஏற்றிக்கொள்வார். அன்றைக்கும் வரவேற்புரை நீண்டது. அப்பா கைகளால் செய்ததையே மகள் அறிவியலால் செய்கிறார் என்றார். அதற்கு அத்தாட்சியாக ஒரு சம்பவம் சொல்லப் போவதாகச் சொன்னார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“அயினி மரத்தில இருந்து விழுந்து, பிணம்போலக் கொண்டு வந்த ஒரு இளைஞனை நம்ம ஆசான் இளக்கி எழுப்பினாரு. அவன் எழும்பி அரிவாள் எங்கன்னு கேட்டான். இது நடந்தது இந்த ஊரில. பெறகு வீட்டில என்ன செய்தாவன்னு உங்களுக்கே தெரியும்” என்று சார் நிறுத்தினார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “மீன்கறி!” என்றது. சிரிப்பு எழுந்தது. சாரும் சிரித்தார். அவர் கெட்டவர் அல்ல. மேடையில் நிற்கும்போது மூலையில் இருப்பவன் யார் என்று அவருக்கு நினைவில்லை. என் கை மிக்ஸரின் மேல் இருந்தது. ஒரு விரலை அசைத்தால் அவர் குரல் நின்றுவிடும். நான் அசைக்கவில்லை.

ஆசான் மகள் எழுந்து வந்தார். காலர் மைக்கை நானே அவரிடம் கொடுத்திருந்தேன். தலை முழுவதும் நரைத்த, கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. என்னை அவர் அடையாளம் காணவில்லை. படத்தை எடுக்கும்படி கை காட்டியது அப்போதுதான். பிறகு சொன்னார்: “சார் இப்பம் சொன்ன கதையில ஒரு பிழை இருக்கு. அதை விட்டுட்டு நான் வேற எதைப் பேசினாலும் சரியா இருக்காது. அன்னைக்கு அந்த முற்றத்தில நானும் நின்னேன். அவரு கண் திறந்தப்பம் நானும் கை கொட்டிச் சிரிச்சேன். எங்க அப்பா அன்னைக்குத் தொடாமலே இருந்திருந்தாலும் அவரு கண் திறந்திருப்பாரு.”

அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். தலையில் பலமாக அடிபட்டால் முதலில் ஒரு மயக்கம் வரும், பலருக்கு அது தானாகத் தெளியும். சிலருக்கு உள்ளே ஒரு சின்ன ரத்தக்குழாய் கிழிந்திருக்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் மெல்ல மெல்லச் சேரும். அது சேருகிறவரை ஆள் நன்றாக இருப்பார். பேசுவார், நடப்பார், பசிக்கிறது என்பார். பிறகு தலைவலி, வாந்தி, ஒரு பக்கத்துக் கை கால் தளர்வது, கடைசியில் தூக்கம். “அது தூக்கம் இல்ல. உள்ள இடம் இல்லாம மூளை நெருக்குப்படுது. பாக்குதவங்களுக்கு உறக்கம்போலத் தெரியும். சில பேருக்குக் குறட்டைகூட வரும். அதுக்கும் மீனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்த அம்மா பாலைக் குடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இந்த ஊரு அவங்களை இத்தனை காலம் பேசினது அநியாயம்.”

ஆசானிடம் படித்த ஒரு பெரியவர் முன்வரிசையில் இருந்தார். தடியை ஊன்றி எழுந்தார். “மக்ளே, வந்த எடத்தில பெத்த அப்பனை நீயே எறக்கி வைக்கலாமா? அவருக்க கையால பிழைச்சவன் இந்த ஊருல எத்தனை பேரு?”

“மாமா, உங்களுக்க கால்முட்டை ஆரு நேராக்கினது?”

“ஆசான்தான்.”

“அதை நான் இல்லைன்னு சொன்னேனா? எலும்பும் சதையும் அவருக்க கைக்கு எட்டும். மண்டைக்குள்ள கெட்டிக் கெடக்குத ரத்தம் எட்டாது. எட்டாததை எட்டும்னு நாம நம்பினோம். அவரும் நம்பினாரு.”

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஆசான் மகள் பேசியது நெடுநேரம் இல்லை. முடித்தபோது கைதட்டு சரியாக எழவில்லை. சார் நன்றியுரையை இரண்டு வரியில் முடித்தார். அவர் அப்படி முடித்து நான் பார்த்ததே இல்லை. ஆட்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு படியிறங்கினார்கள். நான் வயரைச் சுற்றத் தொடங்கினேன். அப்போது காலியான மாடியில் பாக்ஸிலிருந்து ஆசான் மகளின் குரல் வந்தது. மைக்கைக் கழற்றாமலே கீழே போய்விட்டார். போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “சொல்லிட்டேன்... இல்ல, ஆரும் கை தட்டல்ல. தட்டினா எனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்.” பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நான் ஓடிப்போய் அதை அணைத்துவிட்டு, கீழே இறங்கினேன்.

மைக்கைக் கேட்பதற்காக அவர் முன்னால் போய் நின்றேன். “அய்யோ, மறந்தே போச்சு தம்பி” என்று கழற்றித் தந்தார். நான் அதை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று படியிறங்கும்போது நினைத்தது ஒன்றும் வரவில்லை. “நான் அவனுக்க தம்பி” என்று மட்டும் வந்தது. அவர் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அஞ்சாங்கிளாஸ் படிச்ச அந்தப் பயலா?”

“ஆமா.”

“பெறகு படிச்சியா?”

“இல்ல.”

“அம்மா?”

“இருக்கா.”

“நீ இங்க இருக்கது தெரிஞ்சா ஒருவார்த்தை உங்கிட்ட கேட்டிட்டுப் பேசியிருப்பேன் மக்கா.” நான் தலையை ஆட்டினேன். அண்ணன் இறந்த மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததை அப்போது நினைத்துக்கொண்டேன். ஆசான் முற்றத்தின் ஓரத்தோடு நின்று போய்விட்டார். மகள் உள்ளே வந்து, அம்மாவின் பக்கத்தில் தரையில், அன்று முழுவதும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கிணற்றடிப் பேச்சுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்து அப்படி உட்கார்ந்தவர்கள் குறைவு.

வீட்டுக்குப் போனதும் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “எம்மா, மீனு இல்லியாம்” என்றேன். இத்தனை வருடம் அந்த வார்த்தையை அவள் முன்னால் நான் சொன்னதில்லை. அம்மாவுக்குக் கண் ஏறக்குறையத் தெரியாது, காதும் அறிவும் கூர்மை. “ஆரு சொன்னா?” என்றாள். சொன்னேன். “வேற என்ன சொன்னா?” என்றாள். மைக்செட்டுக்காரனுக்குப் பேச்சு மறக்காது. மயக்கம் தெளிவது முதல் குறட்டை வரை அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, “ஆசான் மவ எப்பம் திரும்பிப் போறா?” என்று கேட்டாள். இரண்டு நாள் இருப்பார் என்றேன். “ஒருக்க இங்க வந்திட்டுப் போகச் சொல்லு.” தன் காதால் கேட்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டு நடையில் அவர் நின்றார். “அம்மா என்ன கேட்டாலும் நான் உள்ளதைத்தான் சொல்லுவேன். பரவாயில்லியா?” என்றார். “அதுக்குத்தானே கூப்பிட்டது” என்றேன். அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்து வயதான பெண்கள் உடுக்கிற வெள்ளை வேட்டி மாற்றித் தலையை ஒதுக்கியிருந்தாள். கையை நீட்டி அவர் தோளையும் முகத்தையும் தடவினாள். “நல்லாத் தடிச்சுப் போனியே மக்ளே.”

“வயசாச்சில்லா அம்மா.”

“எனக்க முன்னால உனக்கு என்ன வயசு?” இருவரும் சிரித்தார்கள். என் மனைவி நாற்காலி கொண்டு வந்து போட்டாள். அவர் அதில் உட்காராமல் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். முதலில் அவர்தான் பேசினார். மீன் காரணமே இல்லை என்று சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். “அதுக்குப் பெறகு தலையில அடிபட்டு வந்த ஒருத்தரையும் அப்பா தொடல்ல. கொண்டு போ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னு விரட்டுவாரு. ஏம்பான்னு கேட்டா பதில் சொல்ல மாட்டாரு. அவருக்கு என்னமோ வெளங்கியிருக்கு. ஆனா ஊரு உங்களைச் சொன்னப்பம் அவரு வாயைத் திறக்கல்ல. சாகுதது வரைக்கும் திறக்கல்ல. அவருக்கு வேண்டி நான் மன்னிப்பு கேக்குதேன் அம்மா.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் நான் காத்திருந்தது இதற்குத்தான். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “உனக்க அப்பன் என்ன செய்வாரு பாவம். அது கெடக்கட்டு” என்றாள். “நான் உன்னைக் கூப்பிட்டது வேற ஒண்ணு கேக்க. ஒரு பக்கத்துக் கை தளரும்னு நீ சொன்னியாமே. உள்ளதா?”

“ஆமா அம்மா.”

“அவனுக்கு ரெண்டாமத்து சோறு போட்டப்பம் வலது கை தட்டில அப்படியே கெடந்து. இடது கையால அள்ளித் தின்னான். ஏலே, பீச்சக்கையால திங்குதியே, நாணமில்லியான்னு நான் ஏசினேன். அவன் சிரிச்சான். சிரிப்பும் ஒரு பக்கமா கோணி இருந்து. கொழுப்பைப் பாருன்னு முதுகில ஒண்ணு குடுத்தேன். அது இதுதானா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். அந்தச் சாப்பாட்டின்போது நானும் பக்கத்தில் இருந்து தின்றேன். அவன் இடது கையால் தின்று அம்மாவைக் கோபப்படுத்தியது எனக்கும் நினைவிருக்கிறது. விளையாட்டு என்று நினைத்து நானும் என் இடது கையைச் சோற்றில் வைத்துப் பார்த்தேன்.

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல அம்மா. அன்னைக்கு நான் பாத்திருந்தாலும் எனக்கும் தெரிஞ்சிருக்காது.”

“அது எனக்குத் தெரியும் மக்ளே. நான் கேட்டது அது இல்ல. அந்தக் கை அதுதானான்னு சொல்லு.”

“அதுதான் அம்மா.”

“அப்பமே காரைப் பிடிச்சிருந்தா?”

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவர் சொன்னார். “பிழைச்சிருக்க வழி இருந்துது.”

அம்மா தலையை மெல்ல ஆட்டினாள். பல நாள் தேடிய சாவி கிடைத்தவர்கள் அதைக் கையில் வைத்துப் பார்ப்பார்களே, அப்படி இருந்தது அவள் முகம். “எனக்கு அது தோணிக்கிட்டேதான் இருந்து. ஆருட்டயும் சொல்லல்ல. இவனுட்டயும் சொல்லல்ல. மீன்கறின்னு ஊரு சொன்னப்பம், சரி, அதே இருந்திட்டுப் போட்டுன்னு விட்டேன். மீனு குடுத்தேன்னா பிள்ளை கேட்டான், ஆசையில குடுத்தேன்னு இருக்கும். பிள்ளைக்குக் கை விழுந்ததை நான் கண்ணால பாத்துக்கிட்டு அடிச்சேன்னு எப்படிச் சொல்ல?”

ஆசான் மகள் அம்மாவின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. அம்மா அவர் தலையைத் தடவினாள். “கரையாத மக்ளே. உனக்க அப்பனை நான் ஒருநாளும் ஏசினதில்ல. கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னியே, அது போதும்.” பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, “ஏலே, சாயா போடச் சொல்லு. வந்த பிள்ளையை வெறும் வயித்தோட இருத்தி வச்சிருக்க” என்றாள்.

அவர் அந்த வாரமே திரும்பிப் போய்விட்டார். சார் ஒருநாள் கடைக்கு வந்து, வெளியில் நின்றபடியே, தனக்கு அன்றைக்கு நினைவில்லாமல் போய்விட்டது என்றும், மன்றத்து ஆண்டு மலரில் அந்தச் சம்பவத்தைத் திருத்தி எழுதப் போவதாகவும் சொன்னார். மீனால் இல்லை என்று கொட்டை எழுத்தில் போடுவோம் என்றார். முன்பென்றால் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அம்மாவிடம் கேட்டேன். “வேண்டாம்னு சொல்லு” என்றாள். மீன் இல்லையென்றால் வேறு என்ன என்று ஆட்கள் கேட்பார்களாம். நான் போய்ச் சாரிடம் வேண்டாம் என்றேன். அவர் ஏன் என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எப்போதும் தெரியாதவன்தானே என்று அவரும் விட்டுவிட்டார். ஒரு பொய்யான பாரத்தை அம்மா சுமக்கிறாள் என்று நினைத்து, அதை இறக்கிவைக்கத்தான் நான் இத்தனை வருடம் ஆள் தேடினேன். அவள் அதன் பின்னால் மறைந்து நின்றுகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆசான் மகள் நடையில் நின்று கேட்ட கேள்விக்கு இன்று கேட்டால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை.

போன மாதம் வளைகுடாவில் வேலை செய்கிற என் மகன் லீவில் வந்திருந்தான். மதியம் சாப்பிட உட்கார்ந்தவன், வலது கையில் போனைப் பிடித்து எதையோ பார்த்துக்கொண்டே, இடது கையில் கரண்டியால் சோற்றை அள்ளித் தின்றான். என் மனைவி கண்டுவிட்டாள். “ஏலே, இடது கையால திங்குதியே, அங்க போய் இதைத்தான் படிச்சியா?” என்று சத்தம் போட்டாள். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. “அவனை வலது கையைத் தூக்கச் சொல்லு” என்று அம்மாவின் குரல் வந்தது. மகன் சிரித்தான். “பாட்டிக்கு என்னாச்சு?” என்றான். “தூக்கு மக்கா” என்றேன். போனோடு தூக்கிக் காட்டினான். அம்மாவால் அதைப் பார்க்க முடியாது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பைய வந்தாள். அவன் தோளிலிருந்து விரல்வரை தடவினாள். போனை வாங்கி என்னிடம் தந்துவிட்டு, தன் கையை அவன் கைக்குள் வைத்தாள். “இறுக்கிப் பிடி” என்றாள். அவன் பிடித்தான். “இன்னும்.” இன்னும் பிடித்தான். “வலிக்குது, விடுலே” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.